நஷ்டம் தராத ஆடு

அலுவலகத்தில் அவளுக்கு ஆட்டுக்காரி என்று பெயர். அவள் வாழ்நாளில் ஆடு மேய்த்ததில்லை. நிஜ ஆட்டைப் பக்கத்தில் நின்று பார்த்ததே ஒருமுறைதான். குதித்து இறங்கும்போது காது எப்படி ஆடுகிறது என்று கவனிக்கப் போனவளின் பை வாரை அது நிதானமாக மென்று தீர்த்துவிட்டது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வேலை பார்த்த நிறுவனம், பாறைக்குப் பாறை தாவுகிற ஒரு வெள்ளாட்டுக் குட்டியை வைத்து ‘தாவுகுட்டி’ என்றொரு வீடியோ கேம் வரிசையை நடத்திவந்தது. திரையின் இடது ஓரத்தில் கிளம்பி வலது ஓரத்துக்கு ஓடுகிற பழைய மாதிரி ஆட்டம். ஓடு, தாவு, விழுந்தால் எழுந்து மறுபடி தாவு, அவ்வளவுதான். முதல் பாகம் வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பாகத்தை இயக்கியவளே அவள்தான்.

ஐந்தாம் பாகம் வெளியான அன்று அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. ஒவ்வொரு விமர்சனமும் வரவர யாராவது ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்று சத்தமாக வாசித்தார். வரிசையிலேயே இதுதான் உச்சம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு பரிமாண ஆட்டங்களின் காலம் முடிந்துவிட்டது என்று சொன்னவர்கள் வாயில் விரலை வைத்துக்கொள்ளட்டும் என்று இன்னொருவர். நிரல் எழுதும் கோட்டான்கூடச் சிரித்தான். நாள் முழுக்க நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவன், முட்டைக்கண்ணைக் கண்ணாடிக்குள் வைத்துக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்ப்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஆட்டுக்காரியும் அவனும் சேர்ந்துதான் குட்டியின் தாவலைச் செதுக்கினார்கள். பொத்தானை அழுத்தினால் விரலுக்கும் குட்டிக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய பிடிவாதம்.

எல்லோரும் கைதட்டினார்கள். விற்பனைப் பிரிவின் தலைவரும் தட்டினார். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பதில் சொல்வதால் அவரைச் ‘சதவீதம்’ என்றே கூப்பிடுவார்கள்; அவரும் கோபித்துக்கொள்வதில்லை. கைபேசியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் தட்டினார். நடுநடுவே அதை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி தட்டினார். அந்தத் தட்டலில் சுரத்தில்லை என்பதை ஆட்டுக்காரி கவனித்தாள். ஆனால் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அந்த வார விடுமுறையில் கணவனின் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். கொழுந்தன் என்றால் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அவன் அறைச் சுவரில் தாவுகுட்டியின் பெரிய படம் ஒன்று கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தொங்குகிறது. கதவைத் திறந்ததுமே இரண்டு கையையும் கூப்பினான்.

“அண்ணி, என்ன மாதிரி பண்ணியிருக்கீங்க! பனிமலை முடிஞ்சு அம்மா ஆடு வருதே, அந்த எடத்துல அழுதுட்டேன். சத்தியமா. இவளைக் கேளுங்க.”

“ஆமாக்கா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்” என்றாள் அவன் மனைவி.

ஆட்டுக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அந்தக் கட்டத்துக்கு அதுக்குள்ள போயிட்டியா? சுழல்காத்துப் பாலத்தை எப்படித் தாண்டின? எங்க ஆளுங்களே அங்க திணறினாங்க.”

“நான் எங்க தாண்டினேன்? ஒருத்தன் ஆடி முழுசா வீடியோ போட்டிருக்கான் அண்ணி. ரெண்டு நாளா உட்கார்ந்து மொத்தமும் பார்த்துட்டேன். என்னா ஆட்டம் ஆடுறான் தெரியுமா!”

“அப்ப வாங்கலையா?”

“வாங்காம? டிஸ்கவுண்ட் போட்டதும் மொத ஆளா வாங்கிடுவேன்” என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தான்.

அவன் முகத்தில் ஒரு துளி கள்ளமில்லை. அவளுக்கும் கோபம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது கணவனிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அவன் சிரிக்கவில்லை. “என் கடைக்கும் வருவாங்க. எல்லா ஃபிரேமையும் போட்டுப் பார்த்து, பிரமாதம்னு சொல்லிட்டு, வெளியில போய் ஃபோன்ல விலை பார்ப்பாங்க” என்றான். அப்போதுதான் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

பிறகு வந்த வாரங்களில் சதவீதம் அடிக்கடி அவள் மேசைக்கு வந்தார். வந்தால் உட்காரமாட்டார், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விற்கிறது, ஆனால் மெதுவாக விற்கிறது என்றார். இணையக் கடையின் பக்கத்தில் நம் ஆட்டத்துக்கு மேலேயும் கீழேயும் இதே மாதிரி நூறு ஆட்டம் இருக்கிறது, இரண்டு பேர் மூன்று பேர் வீட்டில் உட்கார்ந்து செய்தது, விலையோ நம்மில் கால்வாசி என்றார்.

“அதெல்லாம் நம்மளுது மாதிரி இருக்குமா?” என்றாள் ஆட்டுக்காரி.

“இருக்காது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வாங்கறவன் படத்தை மட்டும்தானே பார்க்கறான்? பக்கவாட்டுல ஓடற ஆடுன்னா விலை கம்மியா இருக்கணும்னு அவன் மனசுல பதிஞ்சுபோச்சு. அதிக விலை கொடுக்கணும்னா அவனுக்கு ஒரு நாட்டையே சுத்திப் பார்க்கற மாதிரி வேணும். நாம நடுவுல மாட்டிக்கிட்டோம்மா.”

“நஷ்டமா?”

“சேச்சே. நஷ்டம் எங்க வந்தது? போட்டது வந்துடுச்சு, மேலயும் கொஞ்சம் வந்துடுச்சு” என்றவர் ஏனோ அதைத் துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

நஷ்டமில்லை என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஆறாம் பாகத்துக்கு அடிபோட்டாள். கோட்டானும் அவளும் சேர்ந்து ஒரு சின்ன மாதிரி தயாரித்தார்கள். இந்த முறை குட்டி ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும். ஆளுக்கொன்றாக இரண்டு பேர் ஆடவேண்டும். ஒருத்தர் அவசரப்பட்டுத் தாவினால் மற்றவர் இழுபட்டுப் பள்ளத்தில் விழுவார். ஒருத்தர் தொங்கினால் மற்றவர் பாறையில் காலை ஊன்றித் தாங்கிப் பிடிக்கவேண்டும். ஒரேயொரு மலைச்சரிவுதான், ஆனால் அலுவலகத்தில் அதை ஆடிப்பார்த்தவர்கள் சண்டை போட்டார்கள், கட்டிக்கொண்டார்கள், மறுபடி ஆடக் கேட்டார்கள். இதைக் காட்டினால் போதும் என்று அவள் முழுசாக நம்பினாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரியம்மா வந்தார். நிறுவனத்தின் மொத்தப் பொறுப்பும் அவர் கையில். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் பெரியம்மா. கூடவே நிதி அதிகாரி, ஒல்லியான மனிதர், தண்ணீரைக்கூட அளந்து குடிப்பவர். ஆட்டுக்காரி தயாரித்து வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு, இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு கன்ட்ரோலரைக் கொடுத்தாள்.

முதலில் கூச்சத்தோடுதான் ஆடினார்கள். நிதி அதிகாரி தாவப் போய், பெரியம்மாவின் குட்டியும் சேர்ந்து பள்ளத்தில் போயிற்று.

“இழுக்காதீங்க சார்! நான் இன்னும் நிக்கவே இல்ல!”

“நீங்க ஏன் மேடம் அங்கயே நிக்கறீங்க? வாங்க, வாங்க, வாங்க… போச்சு!”

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். நிதி அதிகாரி கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். ஒரு இடத்தில் பெரியம்மாவின் குட்டி அந்தரத்தில் தொங்க, அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிப் பிடிக்க, இரண்டும் மேலே ஏறி வந்தபோது இருவரும் ஏதோ உண்மையிலேயே உயிர் தப்பியவர்கள் மாதிரி கைகோத்துக் குலுக்கிக்கொண்டார்கள். சாப்பாடு ஆறிப்போய்க் கிடந்தது. உதவியாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே டீம் மொத்தமும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து வேடிக்கை பார்த்தது. ஆட்டுக்காரி கோட்டானைப் பார்த்தாள். அவன் மெல்லக் கண்ணை மூடித் திறந்தான்.

பெரியம்மா கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு, மனசில்லாமல் இன்னொரு முறை அதைத் தொட்டார்.

“இவ்ளோ சிரிச்சு ரொம்ப நாளாச்சு” என்றார். “இதைச் செய்ய முடியாதும்மா.”

ஆட்டுக்காரிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. “மேடம்?”

“உன் மேல ஒரு குறையும் கிடையாது. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. ஐந்தாம் பாகத்தை விட நல்லா ஒண்ணு செய்ய முடியாது. விளம்பரம் பண்ணோம், விமர்சனம் வந்தது, எல்லாம் சரியா நடந்தது. எல்லாம் சரியா நடந்தே இவ்வளவுதான்னா, அடுத்ததுல நான் எதை மாத்தறது, சொல்லு?”

“நஷ்டமில்லையே மேடம்.”

நிதி அதிகாரி கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே பேசினார். “நஷ்டம்னா அது பிரச்சினையே இல்லம்மா, எதையாவது சரிபண்ணலாம். இது கொஞ்சம் லாபம். அதே ஆளுங்க நம்ம கம்பெனி செய்யற அந்தப் போர் விளையாட்டுல வேலை பார்த்தா பல மடங்கு. டைரக்டர் போர்டுல எங்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான், ஏன் அங்க உட்கார வைக்கலைன்னு.”

“சின்னதா செய்யறோம். பத்து பேர் போதும். விலையையும் குறைச்சுடலாம்.”

“சின்னதை விக்கவும் அதே கடை, அதே விளம்பரம், அதே மீட்டிங்” என்றார் பெரியம்மா. “நான் கணக்குப் போடாம இருப்பேனா? வர்ற வழியெல்லாம் அதைத்தான் போட்டேன்.”

அப்போதுதான் யாரும் எதிர்பாராமல் கோட்டான் வாயைத் திறந்தான். “ஆட்டை எங்ககிட்ட கொடுத்துடுங்க. நாங்க வெளியில போய்ச் செஞ்சுக்கறோம். உங்களுக்குப் பங்கு தர்றோம்.”

பெரியம்மா அவனைப் பரிவோடுதான் பார்த்தார். “தம்பி, ஸ்கூல் பை, நோட்டு, தலையணை உறைன்னு குட்டி மூஞ்சி இல்லாத எடம் கிடையாது. அதுல வர்றது சும்மா வர்ற வருமானம். அந்த மூஞ்சியை நான் யாருக்கும் கொடுக்க முடியாது. கொடுத்தா என்னை இந்த நாற்காலியில உட்கார விடமாட்டாங்க.”

“அப்ப ஆட்டம் வேண்டாம், ஆடு மட்டும் வேணும்” என்றான் கோட்டான்.

“ஆமா” என்றார் பெரியம்மா. பொய் சொல்லவில்லை, மழுப்பவுமில்லை. கிளம்பும்போது ஆட்டுக்காரியின் தோளைத் தொட்டு, “என் அண்ணன் பிள்ளைங்களுக்கு இதோட ஒரு காப்பி தர முடியுமா?” என்று கேட்டார். பிறகு தானே, “வேண்டாம், விதிமுறை இடம் கொடுக்காது” என்று சொல்லிக்கொண்டார்.

யார்மேல் கோபப்படுவது என்று ஆட்டுக்காரிக்குத் தெரியவில்லை. பெரியம்மா கெட்டவராக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை திட்டியாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம். வாசல்வரை கூட வந்த சதவீதத்திடம், “நீங்களாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே சார்” என்றாள்.

“போன மீட்டிங்ல பேசினேம்மா. அதுக்கு முந்தினதுலயும் பேசினேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா வேலை பார்க்கற கை நின்னுடும்னு நெனச்சேன்.” வழக்கம்போல எதையாவது கணக்காகச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் குடையை விரித்துக்கொண்டு, மழையே இல்லாத தெருவில் இறங்கி நடந்தார்.

டீமைக் கலைத்தார்கள். யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதையும் நல்ல செய்தி போலவே அறிவித்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து, மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் இருந்த வேறுவேறு குழுக்களில் உட்கார வைத்தார்கள். கோட்டான் மட்டும் ராஜினாமா கொடுத்தான். வங்கி ஒன்றுக்குப் பணம் அனுப்பும் செயலி எழுதப் போவதாகச் சொன்னான். கிளம்புகிற அன்று அவள் மேசைக்கு வந்து நின்று, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். ஜன்னலோரமாக நின்று பார்த்தாள். பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டு அவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கீழே ஓடிப்போகலாமா என்று நினைப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது.

அவளைப் போர் விளையாட்டில் போட்டார்கள். எரிந்து இடிந்த ஒரு பெரிய நகரம்; அதில் நூற்றுக்கணக்கான வீடுகள். அந்த வீடுகளின் கதவுகள் அவள் பொறுப்பு. எந்தக் கதவு தள்ளினால் திறக்கும், எது உதைத்தால் திறக்கும், எது பாதி திறந்து சிக்கிக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டும். குழுத் தலைவர் மரியாதையானவர். “நீங்க போய் இதைப் பண்றீங்களேன்னு எனக்கே ஒரு மாதிரி இருக்கு மேடம்” என்று முதல் நாளே சொன்னார். அவள் வேலையில் வஞ்சனை செய்யவில்லை. செய்யத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

மழைக்காலம் தொடங்கும்போது ஐந்தாம் பாகத்துக்குத் தள்ளுபடி போட்டார்கள். முக்கால்வாசி விலையைக் குறைத்ததும் ஜனம் அள்ளிக்கொண்டு போயிற்று. இத்தனை நாள் எங்கே இருந்தார்களோ, எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தார்கள். இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை, இதைச் செய்தவர்களுக்குக் கோயில் கட்டலாம் என்று ஒரு கூட்டம். அடுத்த பாகத்தைப் பற்றிப் பேச்சே இல்லையே, செய்தவர்களுக்குச் சோம்பேறித்தனம், காசு வந்ததும் கொழுப்பு ஏறிவிட்டது என்று இன்னொரு கூட்டம். அவள் பெயரைக் கண்டுபிடித்து நேராகவே கேட்டார்கள். எங்கள் குட்டியை ஏன் கைவிட்டாய் என்று ஒருவர். உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று இன்னொருவர். வேலை ஒப்பந்தப்படி அவள் ஒரு வார்த்தை பதில் எழுதக்கூடாது. பதில் எழுதலாம் என்றிருந்தாலும் யாரைக் குற்றம் சொல்லி எழுதுவது? மேலிடத்தைச் சொன்னால் அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. விலை குறையும்வரை வாங்காமல் இருந்த அவர்களையே சொன்னால் அடிக்க வருவார்கள்.

தள்ளுபடியில் எத்தனை விற்றாலும் அது கணக்கில் ஏறாது என்று கீழே காப்பி இயந்திரத்தருகே சதவீதம் விளக்கினார். “விலை குறைஞ்சாதான் வாங்குவாங்கங்கறதுக்கு அது சாட்சியாயிடுதும்மா. நமக்கே எதிரா.” அவரும் இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவன் மேசையில் உடைந்த மூக்குக்கண்ணாடி ஒன்றுக்குத் திருகாணி பொருத்திக்கொண்டிருந்தான். ஒன்பது வயது மகள் தரையில் குப்புறப் படுத்துக் கைபேசியில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று துள்ளி எழுந்து ஓடிவந்தாள்.

“அம்மா! உன் ஆடும்மா! உன் ஆடு இதுல வந்திருக்கு!”

இலவச ஆட்டம் ஒன்று. நிறுவனம் குட்டியின் முகத்தை வாடகைக்கு விட்டிருந்தது. விடப்போகிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள், இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை. திரை முழுக்கப் பெட்டிகள் மினுங்கின. மகள் ஒன்றைத் தொட்டாள். பெட்டி வெடித்து, பொன்மழை பொழிந்து, நடுவில் உருண்டு திரண்ட முகத்தோடு குட்டி உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது.

“தங்கக் கொம்பு! எங்க கிளாஸ்ல யாருக்குமே வரலம்மா! எனக்குத்தான் மொதல்ல!”

ஆட்டுக்காரி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். “இது தாவுமா?”

“தாவாது.”

“ஓடுமா?”

“ம்ஹூம். எதுக்கும்மா ஓடணும்? பெட்டியைத் தொறந்தா அதுவா வந்துடும்.” மகளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “உன்னுதுல பொத்தானை அமுக்கி அமுக்கி விழுந்துக்கிட்டே இருக்கணும். இது எவ்ளோ ஜாலியா இருக்கு பாரேன். நீ செஞ்ச ஆடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?”

கணவன் திருகாணியை விட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேரில் யாராவது ஒருவர் அந்தக் கைபேசியைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கி என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லாப் பிள்ளைகளின் கையிலும் அதே பெட்டிகள்தான் திறந்துகொண்டிருக்கும். மகளோ பதிலுக்காகக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லிக்கோ” என்றாள் ஆட்டுக்காரி.

மகள் ஒரே குதியில் வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தமும், “எங்கம்மா ஆடு! எங்கம்மா ஆடு!” என்ற கூச்சலும் கேட்டன.

கணவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு சட்டையை எடுத்து அவனும் மடிக்கத் தொடங்கினான். சட்டைக் கையைத் தப்பாக மடித்தான். அவள் அதை வாங்கி உதறி, ஒழுங்காக மடித்து, அடுக்கின்மேல் வைத்தாள்.